என் மகள் பல்பம் தின்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். ஆறு மாதமாகப் பல்பம் தின்கிறாள். ஒளித்து வைத்தால் சுவரைச் சுரண்டுகிறாள், பூஜை அலமாரியில் இருக்கும் திருநீற்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கால்சியம் குறைவாக இருக்கும் என்று மாமியார் சொன்னதால் கால்சியம் சிரப் வாங்கிக் கொடுத்தேன், மாறவில்லை. தம்பி பிறந்த ஏக்கம் என்கிறார் என் அம்மா. தம்பிக்கு இப்போது எட்டு மாதம். போன வாரம் அவள் அப்பா கையிலேயே அடித்துவிட்டார். சோறு இறங்குவதில்லை, பால் மட்டும் ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் குடிப்பாள். மற்றபடி நன்றாகப் பேசுவாள், துறுதுறுவென்று இருப்பாள். எனக்கும் சின்ன வயதிலிருந்து பச்சரிசி மெல்லும் பழக்கம் உண்டு, இன்னும் விட முடியவில்லை. இது பரம்பரையாக வருவதா? எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

மருத்துவர் பதில்: முதலில் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அடித்து நிறுத்தக்கூடிய பழக்கம் இல்லை இது. பல்பம் தின்னும் குழந்தைக்கு அதன்மேல் உண்மையிலேயே தாங்க முடியாத ஆசை வருகிறது. அடித்தால் தின்பதை நிறுத்தமாட்டாள், கட்டிலுக்குப் பின்னால் போய்த் தின்பாள். அப்புறம் என்ன தின்கிறாள் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உணவல்லாத பொருளை ஒரு மாதத்துக்கு மேல் திரும்பத் திரும்பத் தின்பதை ‘பைக்கா’ என்கிறோம். ஒன்றரை வயதுக் குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைத்தால் அது வளர்ச்சியின் ஒரு கட்டம், கவலைப்பட வேண்டியதில்லை. நாலரை வயதில் தேடித் தேடித் தின்றால் காரணம் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குழந்தைகளில் நான் முதலில் சந்தேகப்படும் காரணம் இரும்புச் சத்துக் குறைவு.

கால்சியம் என்று உங்கள் மாமியார் சொன்னதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பல்பமும் சுண்ணாம்பும் வெள்ளையாக இருப்பதால் பல வீடுகளில் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டம்ளருக்கு 150 மில்லி என்று வைத்தாலும் உங்கள் மகள் தினம் 600 மில்லி பால் குடிக்கிறாள். அந்தப் பாலிலேயே சுமார் 700 மில்லிகிராம் கால்சியம் கிடைத்துவிடும். அவள் வயதுக்குத் தேவை 550 மில்லிகிராம்தான். அதே 600 மில்லி பாலில் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூட வராது. அவளுக்குத் தேவை ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம். பால் வயிற்றை நிரப்பிவிடுவதால் சோறு இறங்கவில்லை. பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் ஏறுவதையும் குறைக்கும். அதன்மேல் கால்சியம் சிரப் வேறு. அந்த சிரப்பை இன்றே நிறுத்தலாம். பாலை இரண்டு டம்ளருக்குக் கொண்டுவாருங்கள், அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். முதல் வாரம் அழுவாள், அடம் பிடிப்பாள். பரவாயில்லை, பசி வந்தால் தட்டுக்கு வருவாள்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் ஏதோ நடந்துவிட்டது என்று மனம் குலைய வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை போதும், முடிந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கலாம். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும் என்பதால் அது தணிந்த பிறகு எடுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 11-க்கு மேலே இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம், அதைச் சொல்வது ஃபெரிட்டின்தான்.

குறைவு உறுதியானால் இரும்புச் சத்து சிரப் எழுதிக் கொடுப்பார்கள். எடைக்குக் கணக்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கிலோவுக்குத் தினம் மூன்று மில்லிகிராம் இரும்பு என்பது வழக்கமான அளவு. கம்பெனிக்குக் கம்பெனி சிரப்பின் செறிவு மாறும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மில்லி அளவை நீங்கள் பின்பற்றக் கூடாது. காலையில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீருடனோ, ஒரு துண்டு கொய்யாவுடனோ கொடுங்கள். பாலுடனும் டீயுடனும் கொடுத்தால் பாதி வீணாகும். நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, உடனே வாய் கொப்பளிக்க வைத்தால் பல்லில் கறை படியாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

இதில் பெற்றோரை ஆச்சரியப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏற ஒரு மாதமாவது ஆகும். ஆனால் பல்பத்தின் மேலுள்ள ஆசை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்திலேயே தணிந்துவிடும். கடைவாய்ப் பல் இடுக்கில் வெள்ளைப் பொடியோடு வந்த பிள்ளை, அடுத்த முறை வரும்போது மேசையில் பல்பம் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியிலோ அங்கன்வாடியிலோ தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

சாப்பாட்டில் பேரீச்சம்பழத்தையும் பீட்ரூட்டையும் ரொம்ப நம்பாதீர்கள், நாம் நினைக்கிற அளவு இரும்பு அவற்றில் இல்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் வாரம் ஒருமுறை கொஞ்சம் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ கொடுங்கள். சுவரொட்டி ரத்தம் ஊற வைக்கும் என்று பாட்டிகள் சொன்னது சரியான பேச்சு. சைவம் என்றால் பயறு, சுண்டல், கீரை எல்லாவற்றிலும் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். ரத்தசோகை வந்த பிறகு உணவு மட்டும் போதாது, மருந்து வேண்டும்.

இனி ஆபத்து எது என்று சொல்கிறேன். பல்பம் பெரிய விஷமில்லை, மலச்சிக்கல் வரும், பல் தேயும். சுவர் வேறு கதை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சும், அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அவள் சுரண்டும் இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம்.

நீங்கள் எழுதியதில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது பூஜை அலமாரி. திருநீற்றுக்குப் பக்கத்தில் கற்பூர டப்பா இருக்கும். அதுவும் வெள்ளைதான். கற்பூரக் கட்டியைக் குழந்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். இன்றைக்கே அதை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். பீரோவில் போட்டு வைக்கும் அந்துருண்டையையும் எடுத்துவிடுங்கள். எப்போதாவது கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐ அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்பு சிரப்பையும் உயரத்தில்தான் வைக்க வேண்டும். இனிப்பாக இருக்கிறதே என்று பாட்டிலோடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வயிறு வீங்கி வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முடியைப் பிய்த்துத் தின்றாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். பேச்சு வராத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இப்படித் தின்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்ப்போம். உங்கள் மகள் விஷயத்தில் அந்தக் கவலை எனக்கு இல்லை.

தம்பி வந்த ஏக்கம் அவளுக்கு இருக்கலாம். தம்பியைத் தூங்க வைத்த பிறகு அவளோடு மட்டும் கொஞ்ச நேரம் உட்காருங்கள், அது எப்படியும் நல்லது. ஆனால் ஏக்கம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரும்பு குறைந்தாலே குழந்தை சிடுசிடுப்பாக இருக்கும், சரியாகத் தூங்காது, கவனம் நிற்காது. வாயில் போடப் போகும்போது கையைத் தட்டிவிடாமல் கேரட்டோ முறுக்கோ கடிக்கக் கொடுங்கள். டீச்சரிடமும் சொல்லி வையுங்கள். வகுப்பில் ‘சாக்பீஸ் தின்னி’ என்று ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டால், பழக்கம் போன பிறகும் அது போகாது.

பரம்பரையா என்று கேட்டீர்கள். பச்சரிசி மெல்லுவதும் இதே வகை ஆசைதான். ஒரே வீட்டில், ஒரே சமையலில் இருவருக்கும் இரும்பு குறைந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருக்கிறது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டும் இருப்பீர்கள். மாதவிலக்கு திரும்பிவிட்டதா, அதிகமாகப் போகிறதா? மாடி ஏறினால் படபடப்பு, முடி கொட்டுவது, எதற்கெடுத்தாலும் அழுகையும் கோபமும் வருவது உண்டா? ‘நான் சரியான அம்மா இல்லையோ’ என்று ராத்திரியில் தோன்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஒரு வருடம் வரைகூட இருக்கும், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

மகளுக்கு ரத்தம் எடுக்கும் அன்றே உங்களுக்கும் எடுத்துவிடுங்கள். உங்கள் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் உங்களுக்கும் மருந்து வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே தருகிறார்கள், அவனுக்கும் அன்றே கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.