நெஞ்சில் நீர் என்றால் டி.பி. மட்டும்தானா?

மீசோதீலியோமா என்பது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் வரும் அரிய புற்றுநோய். பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வருவது. நெஞ்சக நோய் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், சேலம் வாசகர்களின் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

சூரமங்கலம் வாசகர்: அப்பாவுக்கு வயது 71. வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்தது. நீரில் ஏ.டி.ஏ. (டி.பி.யில் உயரும் ஒரு நொதி) அதிகம் என்று ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று முறை நீர் எடுத்தும் மறுபடி சேர்கிறது. நீரில் புற்றுநோய் செல் இல்லையாம். இனி என்ன செய்வது?

பதில்: இவ்வளவு எழுதிய நீங்கள், அப்பா இளவயதில் என்ன வேலை பார்த்தார் என்று எழுதவில்லையே!

சூரமங்கலம் வாசகர்: நீராவி எஞ்சின் ஷெட்டில் 1974 முதல் எட்டு ஆண்டுகள் பாய்லருக்குக் கல்நார் காப்பு சுற்றினார். அது பழைய கதை என்று விட்டுவிட்டேன்.

பதில்: அந்தப் பழைய கதைதான் இங்கே முக்கியம். கல்நார் இழை உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துத்தான் இந்த நோய் தலைகாட்டும்.

டி.பி. மாத்திரை கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் நெஞ்சு நீருக்கு முதலில் அதை நினைப்பதே நியாயம். ஆனால் மீசோதீலியோமாவிலும் சில நேரம் ஏ.டி.ஏ. உயரும். மருந்தை முழுதாக முடித்த பிறகும் நீர் சேர்கிறது என்றால் முதல் முடிவையே சந்தேகிக்க வேண்டும். ‘செல் இல்லை’ என்ற அறிக்கையும் ஆறுதல் தராது. இந்த நோயில் நீருக்குள் உதிரும் செல்கள் குறைவு. உதிர்ந்தவையும் அழற்சியால் உருமாறிய சாதாரண செல்களைப் போலவே தெரியும். நான்காம் முறை நீர் எடுத்து அனுப்புவதால் பயனில்லை, சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். உறை முடிச்சு முடிச்சாகத் தடித்திருக்கிறதா, அந்தப் பக்க நெஞ்சு சுருங்கியிருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். அடுத்தது தோரகோஸ்கோபி. விலா இடுக்கில் சிறு துளையிட்டு, கேமரா குழாயை விட்டு, நீரை வடித்து, உறையைக் கண்ணால் பார்த்தே பல இடங்களில் சதை எடுப்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதில் விடை கிடைத்துவிடும். நீர் குறைவாகவும் உறை தடிப்பாகவும் இருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் எடுக்கலாம்.

அப்பாவின் வேலை உடுப்பை உதறித் துவைத்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

அம்மாபேட்டை வாசகி: சதைப் பரிசோதனையில் ‘அடினோகார்சினோமா அல்லது மீசோதீலியோமா’ என்று வந்திருக்கிறது. இரண்டில் எது?

பதில்: அடினோகார்சினோமா என்பது சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். சாதாரணச் சாயத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களுக்குச் சாயம் ஏற்றும் இம்யூனோ சாயச் சோதனைதான் பிரித்துக் காட்டும். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1 சாயம் ஏறினால் மீசோதீலியோமா பக்கம், டி.டி.எஃப்.-1, சி.இ.ஏ. ஏறினால் நுரையீரல் அடினோகார்சினோமா பக்கம். ஒரே சாயத்தை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. புதிதாகச் சதை எடுக்கத் தேவையிருக்காது. ஏற்கெனவே எடுத்த சதையைப் பதித்து ஆய்வகத்தில் வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கருப்பூர் வாசகர்: வெள்ளைக்கல் சுரங்கத்தில் 20 ஆண்டுகள் வேலை செய்தேன். எனக்கும் வருமா?

பதில்: வெள்ளைக்கல் என்பது மாக்னசைட். அது வேறு, கல்நார் வேறு. கல்லுடைக்கும் தூசியில் சிலிக்கா கலந்திருந்தால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் தழும்பு நோய் வரலாம். அதற்காக ஒரு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

ஏற்காடு வாசகர்: வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். குரங்குகள் குதித்து விரிசல் விட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த நோயை ரத்தத்தில் உறுதிசெய்யும் சோதனை கிடையாது. உடையாத ஷீட்டால் ஆபத்து மிகக் குறைவு. அறுப்பது, துளையிடுவது, சுரண்டுவதுதான் தூசியைக் கிளப்பும். மாற்றும்போது நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள். குரங்குகளுக்கு என்னிடம் மருந்தில்லை.

சூரமங்கலம் வாசகர்: கல்நாரில் வேலை செய்ததற்கு அப்பாவிடம் சான்று இல்லை. மருத்துவர் ஏற்பாரா?

பதில்: நோயைக் கண்டறிய அவர் வாய்ச்சொல் போதும். இழப்பீடு கேட்பதானால்தான் காகிதம் வேண்டும். கல்நார் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த ஏடு கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஓய்வூதிய ஆணையிலோ பணிப்பதிவேட்டிலோ பதவியும் பணியிடமும் இருந்தால் நகல் எடுத்து, ஸ்கேன் படங்களோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.