மழையில் கூடாரம்: எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: கூடாரத்தின் உறையில் 1500 மி.மீ., 3000 மி.மீ., 5000 மி.மீ. என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். எண் கூடக்கூட மழை தாங்குமா? அதிக எண் உள்ளதையே வாங்கிவிடலாமா?

பதில்: துணியின் ஒரு பக்கத்தில் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கத்தில் மூன்றாவது துளி கசியும்போது நீர் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றால் அந்த அழுத்தம் வருமோ, அதுதான் அந்த எண். 1000 மி.மீ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம். கூடாரத்துக்கு மேல் சரிந்து நிற்கும் வெளித்துணியான மேலுறையில் விழும் மழைக்கு 1500 முதல் 2000 வரை போதும். பலமாகக் காற்றடிக்கும் இடங்களுக்குப் போகிறவர்களும், பல ஆண்டு உழைக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் 3000 வாங்கலாம். பூச்சு தேயத்தேய இந்த எண்ணும் இறங்கிக்கொண்டே வரும் என்பதால், கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

தரைத்துணியின் கணக்கு வேறு. 60 கிலோ எடையுள்ளவர் ஈர மண்ணின் மேல் முட்டி போட்டு உட்காருகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு முட்டியும் 50 சதுர சென்டிமீட்டர் அளவில் அழுத்தினால் சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராம், அதாவது 6000 மி.மீ. மேலிருந்து ஒரு துளிகூட ஒழுகாத கூடாரத்தில் அடியிலிருந்து ஈரம் ஏறுவது இதனால்தான். பெரிய எண் தரைக்கு வேண்டும். மேலுறைக்கு 5000 என்று விளம்பரம் செய்துவிட்டு, தரையின் எண்ணை எங்கும் சொல்லாத கூடாரத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

உண்மையில் ஒழுகுவது பெரும்பாலும் துணி அல்ல, தையல். கடையிலேயே மேலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையலின் மேலும் ஒட்டுப்பட்டை ஓட வேண்டும். மூன்று தையல்கள் சேரும் மூலைகளிலும், கயிறு கட்டும் வளையங்கள் தைத்த இடங்களிலும் பட்டை தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார்க்கலாம். சிலிக்கான் பூசிய நைலானில் பட்டை ஒட்டாது. அப்படிப்பட்ட கூடாரத்தைத் தையலடைப்புப் பசை பூசித்தான் விற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்களே பூச வேண்டியிருந்தால் சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான் பசை, பாலியூரித்தேன் பூச்சுக்கு யூரித்தேன் பசை. மாற்றிப் பூசினால் உரிந்து வந்துவிடும்.

இன்னும் நான்கு விஷயங்கள். மேலுறை தரையை நெருங்கும் அளவுக்கு இறங்க வேண்டும். தரைத்துணி சுற்றிலும் 10 செ.மீ.யாவது தொட்டிபோல மேலேறி நிற்க வேண்டும். வாசல் ஜிப்பைத் திறந்தால் மழை நேராக உள்ளே விழக்கூடாது. ஈரச் செருப்பும் பையும் வைக்க வாசலில் கூரையுள்ள இடம் இருக்க வேண்டும். மேலுறையை முதலில் நிறுத்திவிட்டு உள்கூடாரத்தை அதன் அடியில் தொங்கவிடும் வகை கிடைத்தால், கொட்டுகிற மழையிலும் படுக்குமிடம் நனையாமல் கூடாரம் அடித்துவிடலாம்.

கேள்வி: புதுக் கூடாரம். முதல் நாள் காலையிலேயே மேலுறையின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது ஒழுகலா, உங்கள் மூச்சின் ஈரமா என்று முதலில் தெரிய வேண்டும். தூங்குகிறவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஆவி, குளிர்ந்த துணியில் பட்டு நீராகப் படிகிறது. உள்பக்கம் முழுவதும் ஒரே சீராகப் பொடித்துளிகள் நின்றால் இதுதான் காரணம். தையல் வழியாகக் கோடுபோல வழிந்தாலோ, ஒரே மூலையில் குளம் கட்டினாலோ அது ஒழுகல்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. வெயிலுள்ள பகல் நேரத்தில், உள்ளே யாரும் இல்லாமல், கூடாரத்தை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். குழாய்த் தண்ணீரை மேலிருந்து மழைபோல அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தையல்களின் உள்பக்கத்தில் உலர்ந்த மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் குறை கூடாரத்தில்தான். நனைந்த இடத்தைக் காணொளியாக எடுத்து, ரசீதோடு விற்றவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு முன் நீங்களாகப் பசை பூசிவிடாதீர்கள். பொருளை மாற்றிவிட்டீர்கள் என்று சொல்லிப் புகாரைத் தட்டிக்கழிக்க அது வழிவிடும். இந்தச் சோதனையைப் பயணத்துக்கு முன்பே, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

மூச்சீரம்தான் என்றால் திருப்பித் தர முகாந்திரம் இல்லை. மழையென்று எல்லா வாயையும் மூடிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மேலே உள்ள காற்றுவழிகளைத் திறந்தே வையுங்கள். மேலுறை உள்கூடாரத்தைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். நைலான் நனைந்தால் தொய்யும். ஆகவே மழை தொடங்கிய சிறிது நேரத்தில் மறுபடி இறுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. ஈர உடைகளை உள்கூடாரத்துக்குள் காயப்போட வேண்டாம்.

தரைக்கு அடியில் தனி விரிப்பு போட்டிருந்தால் அது கூடாரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு விரல்கடை வெளியே நீட்டினாலும் மேலுறையில் வழியும் நீர் முழுவதையும் அது வாங்கிக் கூடாரத்தின் அடியில் தேக்கும். அதற்கும் தயாரிப்பாளர் பொறுப்பல்ல.

கேள்வி: மழைக்கோட்டில் முன்பு தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடியது. இப்போது துணி ஊறிவிடுகிறது. புதிது வாங்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். போனது மேற்பூச்சு மட்டும். உள்ளே இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் நன்றாகவே இருக்கலாம். மேல்துணி ஊறினால் வியர்வை வெளியேறாது. அந்தப் புழுக்கத்தைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறோம். மழையுடைகளுக்கான சோப்பில் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. உடையில் தைத்த குறிப்பு அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் உலர்த்துங்கள். சூடு பட்டால் மீதமிருக்கும் பூச்சு மறுபடி வேலை செய்யும். அதன் பிறகும் ஊறினால் நீர்விலக்கித் தெளிப்பு வாங்கலாம். உள்பக்கப் படலம் குமிழ்விட்டு உரிகிறது என்றால் மட்டும் புதுக் கோட்டு.

கேள்வி: கூடாரம் இருக்கும்போது தனியாகத் தார்ப்பாய் எதற்கு?

பதில்: மழைநாளில் மனம் சலிக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவு இருந்தால் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசலாம், சமைக்கலாம், சீட்டாடலாம். ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்திக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் நடுவில் நீர் தொட்டிலாகத் தேங்கி அறுத்துக்கொண்டு விழும். கட்டுக்கயிற்றில் நீர் வழிந்து உள்ளே வந்தால், ஓரத்துக்கு அருகில் சின்ன நூல்துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அதன் வழியே சொட்டிப் போய்விடும்.

அடுப்பை ஒருபோதும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிர் போய்விடும். இடி கேட்டால் தார்ப்பாயும் கூடாரமும் பாதுகாப்பு அல்ல. கட்டடத்துக்கோ, மேலே உலோகக் கூரையுள்ள காருக்கோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

கேள்வி: பழைய கூடாரம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: விரித்து முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றமும் கையில் பிசுபிசுப்பும் இருந்தால் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தால் சிதைந்துவிட்டது; இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஈரத்தோடு சுருட்டி வைத்ததன் விளைவு அது. நல்ல நிலையில் வாங்கினாலும் இதே பக்குவம்தான்: மழையில் மடித்துக் கொண்டுவந்த கூடாரத்தை வீடு சேர்ந்த அன்றே நிழலில் விரித்து, தையல் மடிப்புகளும் காய்ந்த பிறகே பைக்குள் வையுங்கள்.