மாட்டெலும்புத் தூள் வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் வசிக்கிறேன். வயது 52. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் வரை விரிசல். எடுத்தே ஆக வேண்டுமாம். எடுத்த அன்றே குழியில் எலும்புத் தூள் வைத்து, நான்கு மாதம் கழித்து இம்பிளாண்ட் (தாடையில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) போடலாம் என்கிறார் பல் மருத்துவர். அந்தத் தூள் மாட்டெலும்பிலிருந்து வருவதாம், அதற்குத்தான் ஆராய்ச்சி அதிகமாம். செயற்கைத் தூளும் இருக்கிறது என்றார். நான் சுத்த சைவம், மனம் ஒப்பவில்லை. "டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா" என்கிறான் மகன். செயற்கையை வைத்தால் இம்பிளாண்ட் நிற்காதா? எனக்குச் சர்க்கரையும் உண்டு.

பதில்: வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். பல் எடுத்த குழியில் செயற்கைத் தூள் வைத்த ஒரே காரணத்தால் இம்பிளாண்ட் நிற்காமல் போகும் என்பதற்குச் சான்று இல்லை. மாட்டெலும்புத் தூளுக்கு ஆராய்ச்சி அதிகம் என்று உங்கள் மருத்துவர் சொன்னதும் உண்மை. ஆனால் அந்த ஆராய்ச்சியில் என்னென்ன அளந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் தயக்கம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில், எதற்காக இந்தத் தூள்? பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பின் உட்சுவர் பல்லை நம்பியே இருப்பது. பல் போனதும் அதுவும் கரையத் தொடங்கும். பல் எடுத்து ஆறு மாதத்தில் தாடை மேட்டின் அகலத்தில் 29 முதல் 63 சதவீதம் வரையும், உயரத்தில் 11 முதல் 22 சதவீதம் வரையும் குறைவதாக 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்தக் கரைவில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். கன்னத்தை ஒட்டிய வெளிச்சுவர்தான் அதிகம் இழக்கும். முன்பற்களில் அந்தச் சுவர் பல பேருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கீழ்க் கடைவாயில் நல்லவேளையாகத் தடிமன் கூடுதல். உங்களுக்கு இது சாதகமான விஷயம், பின்னால் மறுபடி சொல்கிறேன்.

தூள் தானாக எலும்பாக மாறுவதில்லை. புடலங்கொடிக்குப் பந்தல் போடுவதைப் போல, உங்கள் இரத்தக் குழாய்களும் எலும்பு அணுக்களும் பற்றிப் படர ஓர் இடம் தருகிறது, அவ்வளவுதான். எலும்பை உருவாக்கத் தூண்டும் புரதங்கள் எலும்புக்குள்ளேயே இருக்கின்றன என்பதை 1965-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். மாட்டெலும்புத் தூளில் அந்தப் புரதங்கள் கிடையாது. வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் உயிர்ப்பொருள் எல்லாவற்றையும் நீக்கி, தாதுவை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். இதைச் சொன்னதும் "அப்படியானால் அது மாடே இல்லை, வெறும் தாதுதானே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த வாதம் உங்கள் மனதுக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவரோ மகனோ அதை உங்களுக்காகத் தீர்மானிக்க முடியாது.

செயற்கைத் தூள் என்றால் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் வகைகள். அதில் ஹைட்ராக்சிஅபடைட் மிக மெதுவாகக் கரையும். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரையும். இரண்டையும் 60க்கு 40 என்று கலந்து விற்பதும் உண்டு. 1969-ல் அமெரிக்க விஞ்ஞானி லாரி ஹென்ச் கண்டுபிடித்த, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் உயிர்க்கண்ணாடியும் இந்தக் குடும்பத்தில் சேரும். பாரிஸ் சாந்தை எலும்புக் குழிகளில் நிரப்பிப் பார்த்ததாக 1892-லேயே பதிவு இருக்கிறது, ஆக இது புதிதாக முளைத்த மாற்று வழி என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். மலேசியச் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்து, கிரானுமாஸ் என்ற பெயரில் நம் நாட்டுத் தூளும் வந்திருக்கிறது.

மனித எலும்பிலிருந்து பதப்படுத்திய தூளும் உண்டு. கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது. உங்கள் தாடையின் பின்பகுதியிலிருந்தே எலும்பு எடுத்து வைப்பதும் ஒரு வழி. ஆனால் ஒரு பல்குழிக்காக இன்னோர் இடத்தில் காயம் படுத்துவது தேவையற்றது என்பது என் கருத்து.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு காக்ரேன். பல் எடுத்த குழியைப் பாதுகாக்கும் முறைகள் பற்றிய அதன் தொகுப்பாய்வு 2021-ல் புதுப்பிக்கப்பட்டது. ஒன்றுமே வைக்காமல் விட்ட குழியை விட, விலங்கு எலும்புத் தூள் வைத்த குழியில் அகலம் சுமார் 1.2 மில்லிமீட்டரும் உயரம் சுமார் 1.3 மில்லிமீட்டரும் அதிகம் மிஞ்சியது. இந்த முடிவின் உறுதி மிகக் குறைவு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். செயற்கைத் தூளையும் விலங்குத் தூளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளில், சிகிச்சைக்குப் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு இன்றைக்கு இருக்கும் மிக நேரடியான பதில் அதுதான்.

ஏன் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் தெளிவான பதில் இல்லை என்று தோன்றலாம். இம்பிளாண்ட் பொதுவாகவே நன்றாக நிற்கும் சிகிச்சை. பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிற்கின்றன. அப்படியிருக்க, எந்தத் தூள் வைத்தவர்களுக்கு இம்பிளாண்ட் அதிகம் விழுகிறது என்று கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவை. நடக்கும் சோதனைகளிலோ பெரும்பாலும் இருபது, நாற்பது பேர். அதனால் ஆய்வாளர்கள் எளிதில் அளக்கக்கூடியதை அளக்கிறார்கள். ஸ்கேனில் எத்தனை மில்லிமீட்டர், இம்பிளாண்ட் போடும் நாளில் துளைத்தெடுத்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள எலும்புத் துண்டில் எத்தனை சதவீதம் புது எலும்பு, எத்தனை சதவீதம் பழைய தூள் என்று பார்க்கிறார்கள்.

இந்தச் சதவீதங்களைத்தான் விற்பனைக் கையேடுகளில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மாட்டெலும்புத் தூள் மிக மிக மெதுவாகக் கரையும். மேல்தாடைச் சைனஸ் பகுதியில் வைத்த துகள்கள் 11 ஆண்டு கழித்து எடுத்த மாதிரிகளிலும் அப்படியே தெரிந்தன. "பருமன் குறையாமல் தாங்கி நிற்கிறது பாருங்கள்" என்பார் அதை விற்பவர். சீக்கிரம் கரையும் செயற்கைத் தூளை விற்பவர், "எங்களுடையது மறைந்து உங்கள் சொந்த எலும்பு வந்துவிடுகிறது" என்பார். இரண்டுமே உண்மை. முன்பல்லில், உதட்டுக்குப் பின்னால் ஈறு குழிவிழாமல் இருக்க வேண்டிய இடத்தில், கரையாத தூளுக்கு நானும் முன்னுரிமை கொடுப்பேன். உங்கள் கடைவாயில் அந்த அழகுக் கவலை கிடையாது. கலப்பு வகைச் செயற்கைத் தூள் அங்கே போதும்.

இனி யாராவது "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று சொன்னால், எதனோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதம் பார்த்தார்கள், செலவு யாருடையது என்று கேளுங்கள். ஒன்றும் வைக்காத குழியோடு ஒப்பிட்டு ஜெயிப்பது எளிது.

சைவர்கள் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. தூளை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். தூளுக்கு மேல் மூடும் சவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டுக் கொலாஜனில் செய்தது. இரத்தம் நிற்கக் குழியில் வைக்கும் பஞ்சு பல சமயம் பன்றி ஜெலட்டின். தையல் நூலிலும் விலங்குக் குடலில் செய்த வகை உண்டு. ஆகவே "எனக்கு மாட்டெலும்பு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், "சவ்வு, பஞ்சு, நூல் எதிலும் விலங்குப் பொருள் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இந்தக் கேள்வி உங்கள் இஸ்லாமியத் தோழிகளுக்கும் உதவும். மாற்று எல்லாவற்றுக்கும் இருக்கிறது. சவ்வுக்குப் பதில் செயற்கைப் பாலிமர் சவ்வோ, உங்கள் கையில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் பி.ஆர்.எஃப் படலமோ வைக்கலாம். நூலும் செயற்கையில் கிடைக்கும். கிளினிக்கில் உடனே இருப்பு இருக்காது, அதனால் ஓரிரு வாரம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

சர்க்கரை விஷயத்தைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. எந்தத் தூள் என்பதை விட உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது என்பது ஆறுவதை அதிகம் பாதிக்கும். அரசாங்க கிளினிக்கில் கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு? 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டியிருந்தால், விரிசல் விட்ட பல்லை எடுப்பதைத் தள்ளிப்போடாமல், தூளையும் இம்பிளாண்டையும் மட்டும் தள்ளிவைக்கச் சொல்வேன். அப்புறம், உங்கள் வயதில் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பலர். வாரம் ஒரு மாத்திரையாக அலென்ட்ரோனேட், ஆறு மாதத்துக்கு ஓர் ஊசியாக டெனோசுமாப் என்று ஏதாவது எடுத்தால் பல் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இவற்றில் சில, பல் எடுத்தபின் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் கொண்டவை என்பது 2003-லிருந்தே தெரிந்த விஷயம். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

தூள் தேவையா என்பதையும் கேட்டுவிடுங்கள். கீழ்க் கடைவாயில் நான்கு சுவரும் உடையாமல் இருந்தால், குழியை அதன் போக்கில் ஆறவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் இம்பிளாண்ட் போடுவது பலருக்குச் சரியாக வருகிறது. வேர் விரிசலால் வெளிச்சுவர் அரித்துப்போயிருந்தால் தூள் உதவும். கீழே ஓடும் நரம்பு அருகில் இருந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் உயரமும் முக்கியம். இதைச் சாதாரண எக்ஸ்ரேயில் முழுதாகப் பார்க்க முடியாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனுக்காகப் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போக வேண்டியிருந்தாலும் போய் எடுங்கள்.

செயற்கைத் தூளோ வேறெதுவோ, மலேசியாவில் அது மருத்துவச் சாதன ஆணையத்திடம் பதிவாகியிருக்க வேண்டும். 2012-ன் 737-வது சட்டம் அப்படிச் சொல்கிறது. பொட்டலத்தில் தொகுதி எண்ணோடு ஒட்டுத்தாள் வரும். ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லி, நீங்களும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது பல்கலைக்கழகத்தில் ஆய்வில் சேரச் சொன்னால், யாருக்கு எந்தத் தூள் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள், உங்களுக்கு மாட்டெலும்பும் விழலாம். கையெழுத்துப் போடும் முன்பே உங்கள் நிபந்தனையைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

தூள் வைத்த முதல் சில நாளில் உப்புக்கல் போலச் சில துகள்கள் வாயில் தட்டுப்படலாம். பயப்பட வேண்டாம், துப்பிவிடுங்கள். ஆனால் வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், நாக்கால் தடவிப் பார்க்காதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினாலோ, சீழ் வாடை வந்தாலோ, கீழுதடு மரத்துப்போனது தெளியாமல் இருந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.