வசனம் ஒன்று, மொழிபெயர்ப்பு பல: தன்பாலீர்ப்பு பற்றிய வேதப் பகுதிகளை எப்படி ஆராய்வது?

கேள்வி: சபையில் வேதபாட வகுப்பு நடத்துகிறேன். 1 கொரிந்தியர் 6:9 வந்தபோது ஒருவர், "ஓரினச்சேர்க்கை என்ற சொல்லை 1946-ல்தான் நுழைத்தார்கள், அதற்கு முன் வேதத்தில் அப்படி ஒன்றுமே இல்லை" என்றார். மற்றொருவர், "எப்படி மொழிபெயர்த்தாலும் பொருள் ஒன்றுதான்" என்றார். எனக்குக் கிரேக்கமும் தெரியாது, எபிரெயமும் தெரியாது. அடுத்த வகுப்புக்கு எப்படித் தயாராவது?

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி சரி. 1946-ல் வெளிவந்த ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் வெர்ஷன் புதிய ஏற்பாடு, இந்த வசனத்திலுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்ற ஒரே சொல்லாக்கியது. ஆங்கில வேதாகமத்தில் அச்சொல் வந்தது அப்போதுதான். 1971-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அச்சொல்லை 1869-ல் ஜெர்மன் மொழியில் முதலில் அச்சேற்றியவர் எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி. ஒருவர் என்ன செய்கிறார் என்பதோடு, யாரிடம் ஈர்க்கப்படுகிறார் என்பதையும் அது குறிக்கும். முதல் நூற்றாண்டுக் கடிதத்தில் அதை வைத்தவுடன், ஒரு செயலைப் பற்றிய பேச்சு ஒரு வகை மனிதரைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. துறவறம் காக்கும் தன்பாலீர்ப்பாளர்கூடப் பட்டியலில் விழுந்துவிடுவார்.

ஆனால் 1946 வாதம் உங்கள் கையிலுள்ள தமிழ் வேதாகமத்துக்கு அப்படியே பொருந்தாது. பரவலாக வாசிக்கப்படும் பழைய திருப்புதல், 1871-ன் ஐக்கியத் திருப்புதல் வழியில் வருவது. இந்த இடத்தில் அது "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்கிறது. இரண்டு கிரேக்கச் சொற்களுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள். இரண்டுமே செயலைச் சொல்பவை. வகுப்பை இங்கிருந்தே தொடங்குங்கள். ஆங்கில விவாதத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டினால், தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு எதுவும் ஒட்டாது.

முதல் சொல் 'மலக்கோய்'. நேர்ப்பொருள் மென்மையானவர்கள். மத்தேயு 11:8-ல் "மெல்லிய வஸ்திரம்" என வருவதும் இதே சொல்தான். ஆளைக் குறிக்கும்போது சுகபோகி, கோழை, தன்னடக்கம் இல்லாதவன், பெண்தன்மை கொண்ட ஆண், உறவில் பெண்ணின் நிலையை ஏற்கும் ஆண் என அதன் வீச்சு பெரிது. பெண்களை மயக்க அலங்கரித்துத் திரிந்தவனையும் அக்காலத்தார் இப்படி ஏசியதுண்டு. அப்படியானால் தமிழில் சுயபுணர்ச்சி எப்படி வந்தது? பிற்காலக் கிரேக்கத்தில் இந்த வேர்ச்சொல் அந்தப் பொருளை ஏற்றது. லத்தீன் ஒழுக்கநூல் மரபிலும் 'மென்மை' என்ற சொல் அதையே குறித்தது. 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் இதைக் காணலாம். பவுல் எழுதிப் பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்த பொருள் தமிழ் வசனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதனால் குற்றவுணர்வில் வெந்துபோன இளைஞர்கள் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

இரண்டாம் சொல் 'அர்செனோகொய்த்தாய்'. ஆண், படுக்கை என்ற இரண்டின் கூட்டு. பவுலுக்கு முந்தைய எந்த நூலிலும் இது இதுவரை கிடைக்கவில்லை. அவரே ஆக்கியதாக இருக்கலாம். லூத்தர் 1545-ன் ஜெர்மன் வேதாகமத்தில் இதை 'சிறுவரைக் கெடுப்போர்' என்ற பொருளில் பெயர்த்தார். 1980-ல் வரலாற்றறிஞர் ஜான் போஸ்வெல் இது ஆண் விலைமகனைக் குறிப்பது என்றார். 1984-ல் டேவிட் ரைட் என்ற அறிஞர் மறுத்தார்: லேவியராகமம் 20:13-ன் கிரேக்கப் பெயர்ப்பான செப்துவஜிந்தில் 'ஆண்', 'படுக்கை' என்ற இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன, பவுல் அங்கிருந்தே எடுத்திருக்கிறார் என்றார். என் மதிப்பீட்டில் ரைட்டின் வாதம் வலுவானது. எனவே "வேதத்தில் அப்படி ஒன்றுமே இல்லை" என்பது நிற்காது. அதே நேரம் டேல் மார்ட்டின் போன்ற புதிய ஏற்பாட்டு அறிஞர்கள், ஒரு சொல்லின் பொருள் அதன் உறுப்புகளைக் கூட்டினால் கிடைத்துவிடாது என்றும், பழைய பட்டியல்கள் சிலவற்றில் இது பொருளாதாரச் சுரண்டல் குற்றங்களுக்கு அருகில் நிற்கிறது என்றும் காட்டுகிறார்கள். 1 தீமோத்தேயு 1:10-ஐப் பாருங்கள்: அடுத்து வருபவர்கள் "மனுஷரைத் திருடுகிறவர்கள்", அதாவது அடிமை வியாபாரிகள்.

இனி செய்முறை. ஒரு தாளில் ஐந்து பத்திகள் வரையுங்கள்: வசனம், பழைய திருப்புதலின் சொல், வேறொரு தமிழ்ப் பெயர்ப்பின் சொல், ஆங்கிலப் பெயர்ப்புகளும் அவற்றின் ஆண்டும், அதே மூலச்சொல் வரும் பிற வசனங்கள். ஆங்கிலத்துக்கு 1611 (கிங் ஜேம்ஸ்), 1946 (ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட்), 1989 (நியூ ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட்), 2011 (நியூ இன்டர்நேஷனல்) ஆகிய நான்கு ஆண்டுப் பெயர்ப்புகள் போதும். மாற்றம் கண்ணில் படும். ஐந்தாம் பத்திதான் உயிர். அதற்கு ஸ்ட்ராங் எண்கள், அதாவது ஸ்ட்ராங் ஒத்தவாக்கியம் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் தரும் எண்கள் உதவும்: கிரேக்கத்தில் 3120 (மலக்கோய்), 733 (அர்செனோகொய்த்தாய்), எபிரெயத்தில் கீழே வரும் 8441, 6945.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஸ்ட்ராங் ஒத்தவாக்கியம் 1890-ல் வந்தது. எண்ணுக்கு நேரே தரும் பொருளில் 1611 பெயர்ப்பின் சொற்களையே திரும்ப அடுக்குகிறது. அதை வைத்து அந்தப் பெயர்ப்பைச் சரிபார்த்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவீர்கள். எண்ணை வசனங்களைத் தேட மட்டும் பயன்படுத்துங்கள். 6945 நல்ல உதாரணம். உபாகமம் 23:17-ல் வரும் 'காதேஷ்' என்ற சொல்லின் வேர், புனிதமாக ஒதுக்கப்பட்டது என்ற பொருள் கொண்டது. சோதோம் ஊரோடு தொடர்பே இல்லை. 1611 ஆங்கிலம் அதைச் சோதோமியன் ஆக்கியது. தமிழில் "இலச்சையான புணர்ச்சிக்காரன்".

8441 என்பது 'தோஏவா', தமிழில் "அருவருப்பு". லேவியராகமம் 18:22-ல் வரும் இதே சொல், எபிரெயரோடு எகிப்தியர் சாப்பிடாததற்கும் (ஆதியாகமம் 43:32), உண்ணத்தகாதவற்றுக்கும் (உபாகமம் 14:3), கள்ளத்தராசுக்கும் (நீதிமொழிகள் 11:1) வருகிறது. ஆகவே சொல்லை மட்டும் வைத்து, இது சடங்குத் தூய்மை சார்ந்ததா என்றைக்குமான ஒழுக்கமா என்று முடிவு செய்ய முடியாது. இரண்டுக்கும் வழி திறந்திருக்கிறது.

சோதோமைப் பற்றிக் கேள்வி வரும். எசேக்கியேல் 16:49 அதன் அக்கிரமமாகக் கர்வத்தையும் ஆகாரத்திரட்சியையும் எளியவனுக்கு உதவாததையும் சொல்கிறது. அடுத்த வசனத்தில் "அருவருப்பானது" என்றும் சேர்க்கிறது. பாலியல் பொருளை அழுத்தியவர்களில் முதல் நூற்றாண்டு யூத எழுத்தாளர் பிலோ முக்கியமானவர். சோதோமின் பெயரைத் தனிப் பாவத்தின் பெயராக நிலைநிறுத்தியவர் 11-ஆம் நூற்றாண்டுத் துறவி பேதுரு தமியானி.

ரோமர் 1:26-27 கடினமான பகுதி, அவசரப்படாதீர்கள். "சுபாவத்துக்கு விரோதமான" என்ற அதே தொடர் 11:24-ல் தேவன் காட்டொலிவக் கிளையை ஒட்டவைப்பதற்கும் வருகிறது. 1 கொரிந்தியர் 11:14-ல் ஆண் நீளமுடி வளர்ப்பது கனவீனம் என்று போதிப்பதும் "சுபாவமே". தமிழ் ஒரே சொல்லைக் காப்பாற்றியிருப்பதால் இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ரோம உலகில் குடிமகன் தன் அடிமையோடும் விலைமக்களோடும் உறவு கொள்வது சாதாரணம்; உறவில் கீழ்நிலையை ஏற்பதே குடிமகனுக்கு இழுக்கு. பவுலின் கண்டனம் அடிமைகள், விலைமக்கள் மேலான இந்த அத்துமீறலை நோக்கியது என்போருக்கு இது ஆதாரம். ஆனால் 27-ஆம் வசனம் "ஒருவர்மேலொருவர்" என்கிறது, முந்தைய வசனம் பெண்களையும் சேர்க்கிறது. சுரண்டல் மட்டுமே என்று வாசிப்போர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிற சமயங்களிலும் இதே சிக்கல் உண்டு. சமஸ்கிருத மனுஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயத்தில், ஆணோடு கூடியவன் உடையோடு குளிக்க வேண்டும் என்ற சுலோகத்தில் மூலச்சொல் வெறும் 'மைதுனம்'. 1886-ல் மொழிபெயர்ப்பாளர் ப்யூலர் அதை ஆங்கிலத்தில் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்றார். 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத் தலைப்பின் சொற்கள் அவை. எனினும் அதே அத்தியாயம் இச்செயலைச் சாதியிழப்புக்குரியவற்றிலும் சேர்க்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆண்-ஆண் உறவைக் குறிக்கும் 'லிவாத்' என்ற சொல் குர்ஆனில் இல்லை. லூத் நபியின் பெயரிலிருந்து பின்னாளில் சட்ட அறிஞர்களிடம் உருவானது. அவர்களில் பெரும்பாலோர் 7:81 போன்ற வசனங்களின் மேல் தீர்ப்பை நிறுத்துகிறார்கள்.

வகுப்பில் பலகையை மூன்றாகப் பிரியுங்கள்: மூலம் சொல்வது, அறிஞர் இன்னும் வாதிடுவது, நம் சபை போதிப்பது. மூன்றாவதை முதலாவதில் எழுத யாரையும் விடாதீர்கள். மொழிபெயர்ப்பைத் திருத்திய பிறகும் சபைகள் வேறுபடும். வேத அதிகாரம், மரபு, மனித அனுபவம் இவற்றுக்குக் கொடுக்கும் எடை அங்கே தீர்மானிக்கிறது. வகுப்பில் இருப்பவர்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராகவோ அவருடைய அம்மாவாகவோ இருக்கலாம் என்று எண்ணியே ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசுங்கள். யாரையும் தன் நிலையைச் சொல்லும்படி கேட்காதீர்கள். சொன்னால் அது அறைக்கு வெளியே போகாது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். ஒரு மணி நேர வகுப்பென்றால் 1 கொரிந்தியர் 6:9 மட்டும் போதும். லேவியராகமத்தையும் ரோமரையும் தனித்தனி வாரங்களுக்கு வையுங்கள்.