பராக்குப் பார்க்கும் பிள்ளைகளும் மூளை அலைகளும்: கேள்வி பதில்

பிள்ளைகளுக்கு ஈஈஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். சுகமாக வளரும் பிள்ளைகளின் கவனம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொக்குவில் அம்மா ஒருவர்: மகன் தரம் 4. புத்தகத்தைத் திறந்தால் யன்னல் பக்கம் பராக்கு. கிரிக்கெட் என்றால் ஒரு பந்தும் தவறவிடமாட்டான். மூளையில் ஏதும் குறையோ?

நீங்கள் சொன்னதில் குறை என்று எதையும் நான் காணவில்லை அம்மா. கவனம் என்பது ஒரே சாமான் இல்லை. 1990இல் மைக்கேல் போஸ்னரும் ஸ்டீவன் பீற்றர்சனும் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: விழிப்பாயிருப்பது, வேண்டிய பக்கம் திரும்புவது, இடைஞ்சலை அடக்கிக்கொண்டு எடுத்த வேலையில் நிற்பது. பந்து தானாகவே மகனை இழுக்கிறது. பெருக்கல் கணக்கு இழுக்காது, அங்கே மூன்றாவதுதான் கைகொடுக்க வேண்டும். அதற்குப் பொறுப்பான நெற்றிப் பக்க மூளை முதிர்ந்து முடிய 25 வயதளவாகும். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே என்று அதை ஒன்பது வயதில் முழுதாய்க் கேட்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

சாவகச்சேரி ஆசிரியை: என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் ஈஈஜியில் 'மெதுவான அலை' கூட என்று பெற்றோர் பயந்து போயிருக்கிறார்கள்.

வயதைச் சேர்த்துப் பாருங்கள் ரீச்சர். கண்ணை மூடி ஆறுதலாக இருக்கும்போது பின்மண்டையில் தெரியும் அல்பா அலை, பெரியவர்களில் செக்கனுக்கு 10 தடவையளவு. மூன்று வயதில் அது 8 அளவில்தான் இருக்கும், வளர வளரக் கூடும். செக்கனுக்கு 4 முதல் 7 வரையான மெதுவான தீற்றா அலைகள் சிறு பிள்ளைகளில் இயல்பாகவே அதிகம், நித்திரைத் தூக்கத்தில் இன்னும் கூடும். தீற்றாவுக்கும் அதைவிட வேகமான பீற்றா அலைக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கவனக்குறைபாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு காலம் பெரிதாக நம்பினார்கள். சாதாரணப் பிள்ளைகளிலும் அதே அளவுகள் வந்தன. ஈஈஜி படத்தை மட்டும் வைத்துப் பிள்ளைக்கு நோய்ப் பெயர் வைக்கக் கூடாது.

மானிப்பாய் அப்பம்மா: போன்தான் காரணமோ?

முதலில் நித்திரையைக் கணக்குப் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை 9 மணித்தியாலமாவது வேண்டும். ரியூசன் முடிந்து வந்து, பத்துக்குப் படுத்து, விடிய ஐந்துக்கு எழும்பினால் ஏழுதான். போனை அதற்கப்புறம் பேசுவோம்.

பருத்தித்துறை அப்பா: எப்போது டொக்டரிடம் போவது?

பராக்கு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஆறு மாதத்துக்கு மேலாகத் தொடர்ந்து, படிப்பையோ சிநேகத்தையோ குழப்பினால் போங்கள். இன்னொன்று: பேச்சின் நடுவிலேயே பிள்ளை சில செக்கன் உறைந்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறதா? தோளில் தட்டிப் பாருங்கள். பராக்கு என்றால் திரும்பிப் பார்க்கும். தட்டியும் உணராமல், நாளில் பல தடவை இப்படி வந்தால் அது ஒருவகை வலிப்பாயிருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஈஈஜி உண்மையில் உதவுவது அங்கேதான்.