சாவி யார் இடுப்பில்?

சென்ற இதழில், புகாருக்கு ஆளான அமைச்சர்கள் விசாரணை முடியும் வரை ஒதுங்கி நிற்கட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியே ஆகட்டும். அரசு அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மொட்டைக் கடிதங்களைப் படித்தே பழகிய கண் இது.

குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதி. அப்படியிருக்க, புகார் வந்த மறுநாளே அமைச்சர் ராஜினாமா செய்ய வேண்டும் என்கிறீர்களே, இது சட்டத்துக்கு விரோதம் இல்லையா?
– சட்டக் கல்லூரி மாணவர்

மறுநாளே என்று நான் எழுதவில்லை. சொல்லாததை என் தலையில் கட்டுகிறீர்கள். நல்ல வக்கீலாக வருவீர்கள்.

நீங்கள் சொல்லும் விதி, ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் கடைப்பிடிக்க வேண்டியது. வெளியே நடமாடுவது ஒவ்வொருவரின் உரிமை. அமைச்சராக இருப்பது எவருடைய உரிமையும் இல்லை. முதலமைச்சர் நினைத்தால் நாளைக் காலையே காரணம் சொல்லாமல் இலாகாவை மாற்றலாம், ஆளையே நீக்கலாம். அப்படி நீக்கப்பட்ட எவரும் 'என் குற்றத்தை நிரூபியுங்கள்' என்று உயர்நீதிமன்றப் படி ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உட்கட்சிப் பூசலுக்காகப் போகலாம் என்கிற பதவி, லஞ்சப் புகாருக்காக மட்டும் போகவே கூடாது என்பது விசித்திரம்.

இன்னொன்று. 'நிரூபணம் வரட்டும்' என்பவர்கள், அது எப்போது வரும் என்று சொல்வதில்லை. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 1996இல் தொடங்கியது. பெங்களூரு தனி நீதிமன்றம் அவரைத் தண்டித்தது 2014 செப்டம்பரில். கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்தது 2015 மே மாதம். தனி நீதிமன்றத்தின் முடிவே சரி என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் கூறியபோது அவர் காலமாகி இரண்டு மாதம் கடந்திருந்தது. அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடே அற்றுப்போயிற்று. வழக்கு தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் நடுவே அவர் முதலமைச்சராகப் பதவியேற்றது ஐந்து முறை. வழக்கின் சரி தவறு ஒரு பக்கம் இருக்கட்டும். இறுதி நிரூபணம் வரும்வரை பொறுப்பது என்றால், நம் நாட்டில் பதவிக்காலம் முடியும்வரை பொறுப்பது என்றே பொருளாகிவிடுகிறது.

ஓர் எழுத்தர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம். அமைச்சர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தாலும் அமைச்சர். எழுத்தருக்கு ஒரு நீதி, அமைச்சருக்கு ஒரு நீதியா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை

அம்மா, அந்த உத்தரவுகளைத் தயாரித்தே என் பணிக்காலத்தில் பாதி போயிற்று. ஆனால் எல்லோரும் அந்த விதியின் முன்பாதியை மட்டும் சொல்கிறார்கள். பணியிடை நீக்கம் தண்டனை ஆகாது. வேலை போவதில்லை. சம்பளத்தில் ஏறக்குறைய பாதி பிழைப்பூதியமாக வரும். குற்றமற்றவர் என்று முடிவானால் திரும்பச் சேர்த்து, வெளியே இருந்த காலத்தையும் பணிக்காலமாகக் கணக்கிட்டு, நின்ற சம்பளத்தைக் கொடுக்க வழி உண்டு.

எங்கள் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர் ஒருவர் மீது மொட்டைக் கடிதம் வந்தது. பழைய பதிவேடு ஒன்றில் பக்கங்களைக் கிழித்துவிட்டார் என்று. எடுத்துப் பார்த்தோம், பக்கங்களைக் காணவில்லை. அவரை இடைநீக்கம் செய்தோம். கிழித்தவர் அவர்தான் என்று அப்போது எவரும் முடிவு கட்டவில்லை. பதிவறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது, அதுதான் காரணம். மற்றப் பதிவேடுகளை விசாரணை அதிகாரி பார்க்க வேண்டும். அதுவரை சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும். பைண்டிங் செய்தபோதே அந்தப் பக்கங்கள் விடுபட்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. மனிதர் திரும்பி வந்தார், நின்ற சம்பளம் முழுக்க வாங்கினார். என்னோடு வெகுகாலம் பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் உத்தரவிலும் இருந்தது.

அமைச்சர் விஷயத்தில் நான் பார்ப்பதும் இதைத்தான். புகாரை விசாரிப்பவர் அவருக்குக் கீழே இருக்கிறாரா? ஆவணங்கள் அவருடைய துறையில் இருக்கின்றனவா? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவரைக் கண்டு நடுங்கும் இடத்தில் இருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் விலகத்தான் வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்றால், எதிர்க்கட்சித் தலைவர் ஒரு பேட்டி கொடுத்தார் என்பதற்காக எவரும் விலக வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், அமைச்சருக்குப் பணியிடை நீக்கம் என்ற நடுப்படி கிடையாது. பதவியில் இருப்பார், இல்லையேல் இருக்க மாட்டார். அந்த நடுப்படியை நம்மவர்கள் கள்ளத்தனமாகக் கண்டுபிடித்ததுதான் 'இலாகா இல்லாத அமைச்சர்'. செந்தில் பாலாஜியை 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது செய்தது. முந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் அவர் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வேலைக்குப் பணம் வாங்கியதாக எழுந்த புகாரிலிருந்து வந்த வழக்கு. இலாகா இல்லாமல் அமைச்சராகவே சிறையில் இருந்தவர், 2024 பிப்ரவரியில்தான் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் ஜாமீன் கிடைத்தது. சில நாளிலேயே மீண்டும் அமைச்சர். சாட்சிகள் பயமில்லாமல் பேசுவார்களா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், பதவியா ஜாமீனா என்று நீதிபதிகள் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் மறுபடி விலகினார். நீதிபதிகள் கேட்கும்வரை இந்தக் கேள்வி அமைச்சரவைக்குள் எவருக்கும் தோன்றவில்லை என்பதை நம்பச் சொல்கிறார்கள்.

அப்படியானால், 30 நாள் சிறையில் இருந்தால் பதவி போகும் என்ற மசோதாவை நீங்கள் ஆதரிக்க வேண்டுமே?
– 'பிடித்துவிட்டேன்' என்று கையெழுத்திட்டிருக்கும் வாசகர்

பிடிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்டு நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்ட 130ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைச் சொல்கிறீர்கள். ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், பிரதமரானாலும் முதலமைச்சரானாலும் அமைச்சரானாலும் 31ஆம் நாள் பதவி போகும் என்கிறது அது. வெளியே வந்தால் மறுபடி நியமிக்கத் தடையில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கைது என்பது புலனாய்வு அதிகாரியின் முடிவு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில், குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றத்துக்குத் தோன்றினால்தான் ஜாமீன். அந்தச் சட்டத்தின் கீழ் உள்ளே போனவருக்கு 30 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஆக, மாநில அமைச்சர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம், மத்திய அரசின் அமலாக்கத் துறை அதிகாரியின் பேனாவுக்குப் போய்விடுகிறது. எங்கள் அலுவலகத்தில் கூட, புகார் கொடுத்தவரே இடைநீக்க உத்தரவிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எல்லைக்கோடு ஒன்றை எங்காவது கிழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் கட்டத்தில் கிழியுங்கள். அங்கே ஒரு நீதிபதி இரு தரப்பையும் கேட்டு, வழக்கு நடத்த அடிப்படை இருக்கிறது என்று எழுதுகிறார். தேர்தலில் நிற்கும் தகுதியைப் பற்றி 2014இல் பரிந்துரை தந்த சட்ட ஆணையமும் இந்தக் கட்டத்தையே குறிப்பிட்டது.

ஐயா, உங்களுக்குப் பிடித்த கட்சி எது? மறைக்காமல் சொல்லுங்கள்.
– இன்னொரு வாசகர்

எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருக்கிறதோ அது. அப்போதுதான் ராஜினாமாவைப் பற்றி எல்லோரும் அழகாகப் பேசுகிறார்கள்.

ராஜினாமா செய்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஊர் பேசாதா?
– வங்கி ஊழியர்

பேசும். சில காலம் பேசும். 1996 ஜனவரியில், அரசியல்வாதிகளுக்குச் சட்டவிரோதமாகப் பணம் போனதாகச் சொன்ன ஹவாலா வழக்கில் பெயர் அடிபட்டதும் பா.ஜ.க.வின் அத்வானி மக்களவை உறுப்பினர் பதவியை விட்டார். களங்கம் நீங்கும்வரை தேர்தலில் நிற்பதில்லை என்றார். அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவும் இல்லை. 1997இல் டெல்லி உயர்நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. 1998இல் திரும்பவும் வென்றார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று இன்று எவரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அவர் உறுப்பினர் பதவியை விட்டிருக்கவே வேண்டாம். அது வாக்காளர் கொடுத்தது; குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொதுவாக இரண்டாண்டோ மேலோ தண்டனை விதிக்கப்பட்டால்தான் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அமைச்சர் பதவி அப்படியல்ல, அது முதலமைச்சரோ பிரதமரோ கொடுப்பது. இந்த இரண்டையும் நம் மேடைகளில் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

நேருவின் நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கதை இன்னும் சுவையானது. முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் போடப்பட்டதை ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் கிளப்பினார். ஆளுங்கட்சி என்பதைக் கவனியுங்கள். நீதிபதி சாக்ளா தலைமையில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 ஜனவரியில் அமைத்த ஆணையம் பிப்ரவரியில் அறிக்கை கொடுத்துவிட்டது. டி.டி.கே. நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகினார். சில ஆண்டுகளில் மீண்டும் அமைச்சரவைக்கு வந்து, மீண்டும் நிதியமைச்சராகவும் ஆனார். போன வழியில் திரும்பி வர முடிந்ததற்குக் காரணம் விசாரணையின் வேகம்தான். அது இல்லாமல் ராஜினாமாவை மட்டும் கேட்பது பாதி நியாயம்.

பாலியல் புகார்களிலும் இதே அளவுகோல்தானா? அங்கே ஆவணமும் இல்லை, சாட்சியும் இல்லையே.
– ஒரு பத்திரிகையாளர்

அங்கே இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பேன். புகார் சொல்பவரே பெரும்பாலும் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை செய்தவர். 2018 அக்டோபரில் எம்.ஜே. அக்பர் மீது பல பெண் பத்திரிகையாளர்கள் புகார் சொன்னார்கள். அவர் வெளியுறவுத் துறை இணையமைச்சர். முதலில் மறுத்தார், புகார் சொன்னவர்களில் ஒருவரான பிரியா ரமணி மீது அவதூறு வழக்குப் போட்டார், வழக்குப் போட்ட அந்த வாரத்திலேயே பதவி விலகினார். வழக்கை அமைச்சராக இல்லாமல் தனி மனிதராக நடத்தப் போவதாகச் சொன்னது சரியான காரியம். அமைச்சராக இருந்துகொண்டே நடத்தியிருந்தால், எதிரே நின்று சாட்சி சொல்ல அந்தப் பெண்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். 2021 பிப்ரவரியில் பிரியா ரமணி விடுவிக்கப்பட்டார்.

பதவியை விட்டு, பிறகு நிரபராதி என்று ஆனவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
– 'நியாயம் கேட்கும் ஒருவன்'

இந்த வாரக் கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டுப் புகாரில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. இராசா 2010 நவம்பரில் விலகினார். 1,76,000 கோடி என்ற தணிக்கைத் துறையின் உத்தேச இழப்புக் கணக்கு நாடு முழுக்க அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர்நீதிமன்றம் 2024இல் ஏற்றிருக்கிறது, எனவே கதை முடியவில்லை. ஆனாலும் அவர் விலகியது சரி என்றே சொல்வேன்; கேள்விக்குள்ளான கோப்புகள் அத்தனையும் அவருடைய அமைச்சகத்தில் இருந்தவை. தவறு, தீர்ப்புக்கு ஏழு ஆண்டு ஆனதில் இருக்கிறது.

ஜெர்மனியில் கிறிஸ்டியான் வுல்ஃப் குடியரசுத் தலைவராக இருந்தார். நண்பரிடம் சலுகை பெற்றார் என்ற புகாரை விசாரிக்க, அரசு வழக்கறிஞர்கள் அவருடைய பதவிக்குரிய சட்டப் பாதுகாப்பை நீக்கக் கேட்ட மறுநாள், 2012 பிப்ரவரியில் விலகினார். கடைசியில் நீதிமன்றத்தில் நின்ற தொகை ஆயிரம் யூரோவைக்கூட எட்டவில்லை. 2014இல் விடுதலை. அதற்குள் வேறொருவர் நாட்டின் தலைவராகி இரண்டாண்டு ஆகிவிட்டது.

என் வாதத்தை உண்மையிலேயே இடறுவது போர்ச்சுகல். 2023 நவம்பரில் ஊழல் விசாரணையில் தன் பெயர் வந்ததும் பிரதமர் அந்தோனியோ கோஸ்டா அன்றே விலகினார். சில நாளில், ஒட்டுக்கேட்ட உரையாடல் ஒன்றின் எழுத்துப்படியில் பொருளாதார அமைச்சர் அந்தோனியோ கோஸ்டா சில்வாவின் பெயருக்குப் பதிலாகப் பிரதமரின் பெயர் எழுதப்பட்டிருந்தது வெளியே வந்தது. பெயர்க் குழப்பம்! எங்கள் அலுவலகத்தில் நடந்திருந்தால் எழுத்தருக்கு மெமோ கொடுத்து முடித்திருப்போம். அங்கே அறுதிப் பெரும்பான்மை பெற்ற அரசே கவிழ்ந்தது. அதே பெரும்பான்மையை வைத்து வேறொருவரைப் பிரதமராக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். குடியரசுத் தலைவர் ஏற்கவில்லை, தேர்தலுக்குப் போனார். 2024 மார்ச்சில் கோஸ்டாவின் கட்சி ஆட்சியை இழந்தது. அவரே அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய கவுன்சிலின் தலைவராகிவிட்டார், அது வேறு விஷயம். வாக்களித்த மக்களுக்கு எவரும் எதையும் திருப்பித் தரவில்லை.

இதனால்தான் அமைச்சருக்குச் சொல்வதை அரசின் தலைவருக்கு அப்படியே சொல்லத் தயங்குகிறேன். அமைச்சர் போனால் ஒரு நாற்காலி காலியாகிறது. பிரதமர் போனால் சில நாடுகளில் அரசே போகிறது. முதல் தகவலை நம்பி அவர் அன்றே விலகுவதைவிட, விசாரணையில் தலையிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நீதிபதி ஒருவர் முதற்கட்டமாக ஆவணங்களைப் பார்க்கும்வரை பொறுத்திருக்கலாம்.

முதலமைச்சரே சிறைக்குப் போனால்? அப்போதும் பொறுக்கலாமா?
– அதே சட்டக் கல்லூரி மாணவர் (இரண்டாவது கடிதம்)

விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

2024 ஜனவரியில் ஜார்க்கண்ட் முதலமைச்சர் ஹேமந்த் சோரன் கைதாகும் முன் ராஜினாமா செய்தார். சம்பாய் சோரன் முதலமைச்சரானார். ஜூனில் ஜாமீன், ஜூலையில் சோரன் மீண்டும் முதலமைச்சர். அரசு கவிழவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் கைதான டெல்லி முதலமைச்சர் அர்விந்த் கெஜ்ரிவால் பதவியை விடவில்லை. எதிரிகள் கைது செய்வதற்கெல்லாம் விலகினால், தேர்தலில் தோற்கடிக்க முடியாத ஒவ்வொருவரையும் கைது செய்வார்கள் என்பது அவர் தரப்பு. அதில் உண்மை இருக்கிறது. கைது செய்த துறை அவர் கையில் இல்லை என்பதும் உண்மை.

இருந்தும் அவர் விலகியிருக்க வேண்டும் என்பேன், குற்றத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காக. முதலமைச்சர் வேலை என்பது கோப்புப் பார்ப்பது, கூட்டம் நடத்துவது, சட்டமன்றத்தில் பதில் சொல்வது. இவற்றைச் சிறையிலிருந்து செய்ய முடியாது. செப்டம்பரில் ஜாமீன் கிடைத்தபோதும் தலைமைச் செயலகத்துக்குப் போகக் கூடாது, துணைநிலை ஆளுநரின் ஒப்புதலுக்குத் தேவைப்பட்டாலொழிய கோப்பில் கையெழுத்திடக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. சில நாளில் அவரே விலகினார். அலுவலகத்துக்கு வரக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது என்ற நிலையில் உள்ளவருக்கு வருகைப் பதிவேட்டில் என்ன குறிப்பது என்று எங்கள் விதிப்புத்தகத்தில் இல்லை.