திருப்பூருக்கு வர்ற கோடுகள் சிக்கிக்கிட்டா

வடமாநிலத்துல இருந்து திருப்பூருக்கு இடம்பெயர்ந்து வர்றவங்களைக் காட்டுற வரைபடத்துல, கோடெல்லாம் நூல்கண்டு சிக்குன மாதிரி ஆயிருச்சுன்னு கேட்டிருந்தீங்க. படத்தைப் பார்த்தேனுங்க. கோட்டுத் தடிமனுக்கு வர்க்கமூலம் போட்டிருக்கீங்க, அது வட்டத்தோட ஆரத்துக்குத்தான் சரி. கோட்டுக்கு நேர் விகிதம்: 10,000 பேருக்கு 1 மி.மீ.ன்னா 60,000 பேருக்கு 6 மி.மீ. வர்க்கமூலம் போட்டா சின்ன வரத்தும் பெருசாத் தெரியும்.

எல்லாமே உள்ள வர்ற கோடுதானே, அம்புமுனை எதுக்குங்க? எடுத்துருங்க. திருப்பூர்ல ஒரு வட்டம் போட்டு, கோடுகளை அதோட விளிம்புலயே நிறுத்துங்க. பீகார், ஜார்கண்ட் கோடுகளை ஒரே பக்கமா லேசா வளைச்சு விடுங்க. தடிச்சது அடியில, மெல்லிசு மேல. 1 மி.மீ.க்குக் கீழ வர்றதெல்லாம் "மற்றவை"ன்னு ஒரே கோடு.

கியூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருள்ல பீகார் விட்டுப்போனது, அதோட சென்சஸ் குறியீடான 10-ஐ எக்செல் எண்ணாவும் வரைபட அடுக்கு எழுத்தாவும் வெச்சிருக்கிறதால இருக்கலாம். ரெண்டையும் எழுத்தாக்கி இணைங்க. 01 முதல் 09 வரைக்கும் முன்னாடி இருக்கற சைபர் போயிருச்சான்னும் பாருங்க.

இன்னொண்ணு, 2011 சென்சஸ் டி-2 அட்டவணை முந்தைய வசிப்பிடத்தைச் சொல்லுது. அதுல மொத்தம்ங்கிறது பல வருசமா வந்து சேர்ந்தவங்க கணக்கு. தலைப்புல "ஆண்டுக்கு"ன்னு போட்டிருக்கறதை மாத்திருங்க.